மஞ்சள் வைத்த தாவணி

அன்று இருசம்மாள் மழைக்கு ஓடவில்லை. அஞ்சலையை முதலில் உறுத்தியது அதுதான்.

மழை லீவு விட்டதும் மஞ்சக்குப்பம் தெருவே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியது. இருசம்மாள் மட்டும் வேண்டுதல் உள்ளவள் மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தாள். டீக்கடைச் சார்ப்பு வந்தது, ஒதுங்கவில்லை. புளியமரம் வந்தது, நிற்கவில்லை. ஓட்டுத் தாழ்வாரங்களிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக விழும் பக்கமாகப் பார்த்து அஞ்சலையைத் தள்ளித் தள்ளி நடத்தினாள்.

“தொப்பலா நனைஞ்சிட்டேன்டி. கொஞ்சம் வெரசாத்தான் நடயேன்.”

“நனைஞ்சா என்னா? வூட்ல மாத்துத் துணி இருக்கு.”

காலையில் நல்ல வெயில். கார்த்திகை வெயிலை நம்பி வடகம் பிழிந்தவள் கடலூரில் கிடையாது என்றாலும், பிரேயர் முடிவதற்குள் வானம் இப்படிச் சட்டிக்கரியாகும் என்று யாரும் நினைக்கவில்லை. சீனாச் சண்டை நின்ற வாரம் அது. பாடம் நடத்துவதைவிட டீச்சர்கள் அதைப் பற்றிப் பேசியதுதான் ஜாஸ்தி. அதற்கு மேல் மழை லீவும் கிடைத்தால் கரும்பு தின்னக் கூலிதானே.

ஆனால் அஞ்சலையின் வீடு கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஓ.டி. என்கிற ஓல்டு டவுனில் இருந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். “எங்க வூட்டுக்கு வாடி, மழ வுட்டதும் போவலாம்” என்று இருசம்மாள் கூப்பிட்டபோது அஞ்சலைக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் அவள் ஒருநாள்கூட வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. போன வருஷம் இதே மழைக்காலத்தில் அவளுடைய அக்கா செல்லாயி விஷக்காய்ச்சலில் செத்துப்போனாள், கல்யாணம் ஆகாமலே. அதன்பிறகு இருசம்மாள் வகுப்பில் யாரோடும் பேசுவதில்லை, அஞ்சலையைத் தவிர. ஒட்டுப்புல் என்று இரண்டு பேரையும் மற்றவர்கள் கேலி செய்தார்கள். அஞ்சலைக்கு அந்தக் கேலி ரொம்பப் பிடித்திருந்தது.

வீடு தெருவின் கடைசியில், ஆற்றை ஒட்டி இருந்தது. ஆள் சந்தடி இல்லை.

“அப்பாவும் அம்மாவும் செதம்பரம் போயிருக்காங்க, வளைகாப்புக்கு. தண்டவாளத்துல தண்ணியாம். இன்னிக்கி வரமாட்டாங்க.”

காலையிலிருந்து தன்னோடு பள்ளிக்கூடத்தில் இருந்தவளுக்கு இதை யார் சொன்னார்கள் என்று அஞ்சலை கேட்டிருக்கலாம். பல் கிட்டித்துக்கொண்டிருந்ததில் கேட்கத் தோன்றவில்லை.

உள்ளறையில் பட்டப்பகலிலேயே இருட்டாக இருந்தது. வாசல் பக்கம் ஒரு சின்னக் கம்பி ஜன்னல். அதன் வழியாக வந்த சாம்பல் நிற வெளிச்சம் தரையில் விழுவதற்குள் தீர்ந்துபோனது. நமுத்த சுவரின் வாடை, பழைய சாம்பிராணி, காய்ந்த சாமந்தி, இவற்றுக்கெல்லாம் அடியில் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு யாரோ ஈரத் தலையோடு பக்கத்தில் நிற்பது போன்ற ஒரு வாசம். ஓட்டின்மேல் மழை விடாமல் இரைந்தது.

இருசம்மாள் இருட்டுக்குள்ளிருந்து துணி எடுத்துக் கொடுத்தாள். பாவாடை, ரவிக்கை, அரக்கு நிறத் தாவணி. மடிப்புக் கலையாத புதுசு. முனையில் மஞ்சள் தடவியிருந்தது. தீபாவளித் துணிக்கு மஞ்சள் வைப்பது எந்த வீட்டில்தான் இல்லை?

“ஒன் தீவாளித் துணியாடி? நீயே இன்னும் உடுத்தல போலிருக்கே.”

“ஒனக்குன்னுதான் வெச்சிருந்தேன்.”

அஞ்சலை தாவணியைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிக் கொடுக்கமாட்டாள் என்று நினைத்தாள். உடுத்தி முடித்ததும் இருசம்மாள் இரண்டு கைகளையும் ஏந்தினாள்.

“ஈரத்தக் குடு. ரிப்பனையும் அவுத்துக் குடு. வளையலு?”

“வளையல் எதுக்குடி?”

“குடேன். ஒங் கையாலயே குடு.”

வாங்கிக்கொண்டாள். சாரல் அடிக்கும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அஞ்சலை சுவரோரம் உட்கார்ந்து, தாவணியைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, முற்றத்தில் துணி பிழியும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். மழை கேட்டது, கொல்லையில் தவளைகள் கேட்டன, தூரத்தில் ஆறு இரைவதும் கேட்டது. பிழிந்த தண்ணீர் தரையில் கொட்டும் சத்தம் மட்டும் வரவேயில்லை. அதற்குப் பதில் ஈரப் பாவாடையை உதறும் சத்தம். வளையல்கள் ஒவ்வொன்றாக ஒரு கையில் ஏறும் சத்தம். அதன்பின் இருசம்மாளின் குரல், குழந்தைக்குச் சொக்காய் மாட்டுகிறவள் பேசுவதைப் போல.

“கையத் தூக்குக்கா.”

அஞ்சலை விருட்டென்று நிமிர்ந்தாள். எழுந்து போய்க் கதவை இழுத்தாள். அசையவில்லை. வெளியே நாதாங்கி போட்டிருந்தது.

திரும்பியபோது தலைக்குமேல் ஏதோ ஆடியது. உத்திரத்திலிருந்து ஒரு மூங்கில் கூடை தொங்கிக்கொண்டிருந்தது. மூடி திறந்திருந்தது. அதற்கு நேர் கீழே தரையில் காய்ந்த சாமந்தி இதழ்களும் மஞ்சள் பொடியும் சிதறிக் கிடந்தன. கூடை காலியாக இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கன்னியாகச் செத்தவளை வீட்டிலேயே பூவாடைக்காரியாக வைத்துக் கும்பிடுவார்கள். புதுத்துணி எடுத்து, மஞ்சள் வைத்துப் படைத்து, கூடையில் போட்டுத் தொங்கவிடுவார்கள். அடுத்த வருஷம் படையலன்று வீட்டுப் பெண் ஒருத்தி அதை எடுத்து உடுத்துவாள். வெளிப்பெண் தொடவே கூடாது. உடுத்தினால் அவள் அந்த வீட்டோடே தங்கிவிடுவாள் என்பார்கள்.

“இருசா! கதவத் தொற! இது ஒங்கக்கா துணிடி!”

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது.

“தெரியும்.”

“தெரிஞ்சேவா குடுத்த?”

“அம்மா என்னையத்தான் உடுத்தச் சொன்னுச்சு. உடுத்துனா அவளுக்குப் பதிலா உள்ள நான்ல இருக்கணும்? ராவெல்லாம் கால்மாட்டுல வந்து குந்திக்கிட்டு, வெளிய போவணும் வெளிய போவணும்னு அழுவுறா. நான் என்னாடி பண்ணுவேன்? எனக்கு ஒன்னைய வுட்டா வேற யாரு இருக்காங்க?”

அதுவரை பயம்தான் இருந்தது. அழுகை அப்போதுதான் வந்தது. தன் மடியில் தலைவைத்து அழுதவள். தன் டிபனில் பாதியைத் தின்றவள். கூட இருந்தே குழி பறித்துவிட்டாள். தாவணியைப் பிய்த்து எறியப் பார்த்தாள் அஞ்சலை. துணி தோளோடு ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கொடுத்தபோது அது காய்ந்துதான் இருந்தது.

வாசலில் இருமல் கேட்டது.

அவளுக்குத் தெரிந்த இருமல். துறைமுகத்தில் கங்காணி வேலை பார்த்து, பீடி குடித்துக் குடித்துக் கரகரத்துப்போன தொண்டை. அப்பா!

“அஞ்சல! எம்மா அஞ்சல!”

ஜன்னலுக்குப் பாய்ந்தாள். அப்பா தங்கராசு முழங்காலுக்குமேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையைப் பிடித்தபடி மழையில் நின்றுகொண்டிருந்தார்.

“வாங்க மாமா,” என்று வாசலுக்கு வந்தாள் இருசம்மாள். “துணி மாத்திக்கிட்டு இருந்தா. தோ வந்துடுவா.”

“நல்லா இருக்கு போ! பள்ளிக்கூடம் வுட்டாச்சுன்னாங்க, புள்ளையக் காணோம். வயித்துல புளியக் கரைச்சிட்டுது. இங்கதான் இருப்பான்னு ஒரு புள்ள சொல்லுச்சு.”

அஞ்சலை கத்தினாள். அப்பா என்று கத்தினாள். வாய் திறந்தது. நெஞ்சு வலித்தது. சத்தம் வரவில்லை.

சத்தம் வாசலில் வந்தது.

“தோ வரேம்பா.”

அவளுடைய குரல். அவளேதான். அந்த இழுப்புகூட.

படியில் இறங்கினாள் ஒருத்தி. நீலப் பாவாடை. வெள்ளைத் தாவணி. அஞ்சலையின் ரிப்பன். அஞ்சலையின் வளையல். திரும்பினாள். அஞ்சலையின் முகம்.

அப்பா பார்ப்பார். பெற்றவருக்குத் தெரியாதா?

அப்பா பார்த்தார். பல் தெரியச் சிரித்தார். குடை முழுவதையும் அவள் பக்கம் சாய்த்துவிட்டு, தான் நனைந்தார்.

“நாளைக்கி லீவு இல்லன்னா வந்துடுடி, அஞ்சல,” என்றாள் இருசம்மாள். தினமும் சொல்வது போலவே.

“வரேன்டி.”

அப்பாவும் அவளும் ஜன்னலை ஒட்டித்தான் வந்தார்கள். எட்டினால் தொட்டுவிடலாம். அஞ்சலை கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். அப்பாவின் தோளுக்கு நேராக. விரல்களை விரித்து.

மழை அந்தக் கையில் படவில்லை.

“கை ஏம்மா இப்பிடிச் சில்லுன்னு கெடக்கு?” என்றார் அப்பா, குடைக்குள் வந்தவளிடம். குடைக் காம்பைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்து, வாயால் ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டே, பாலத்தைப் பார்த்து அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.