உறையாத சாறு

நூர்முகம்மதுவின் வாயிலிருந்து ரத்தம் ஒழுகி ஐஸ் பாக்டரியின் ஈரத்தரையில் பரவியது. கான்ஸ்டபிள் பன்னீர்செல்வம் லத்தியை மறுபடி ஓங்கினார்.

"அடிக்காதீங்க! அவர் கொல்லல!" பதினேழு வயது சுசீலா குறுக்கே விழுந்தாள். பல் தந்தியடித்தது அவளுக்கு.

"தள்ளும்மா. பிணத்துப் பக்கத்துல நின்னவன் இவன். சட்டையெல்லாம் ரத்தம்."

"அல்லா கசம் ஸாப், அது மீன் ரத்தம்!" என்று அலறினார் மீன் வியாபாரி நூர்முகம்மது.

குளிரறைக்குள் ஆராய்ச்சியாளர் கிருஷ்ணமூர்த்தி குப்புறக் கிடந்தார். ஐஸ் பாறை இழுக்கும் கொக்கி பின்மண்டையில் இறங்கியிருந்தது. மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து மூன்று மாதமாக இங்கே கண்ணாடிக் குழாய்களோடு மல்லாடியவர். அவருக்கு உதவியாள் சுசீலா. இடம் கொடுத்தவர் அவள் அப்பா, பாக்டரி ஆபரேட்டர் சொக்கலிங்கம். அவர் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

இன்ஸ்பெக்டர் திருநாவுக்கரசு கையமர்த்தினார். "பன்னீரு, பஸ், போதும். பொண்ணு என்னவோ சொல்ல வருது."

சுசீலா குழாய்த் தட்டைக் காட்டினாள். "பன்னண்டு குழாய் சார். பதினொண்ணு தண்ணியாவே இருக்கு. இது மட்டும் கட்டியா உறைஞ்சிருக்கு."

"குளிரறைன்னா உறையாம?" என்றார் பன்னீர்செல்வம்.

"இது உறையாது. ஈஸ்ட்ல மாவுப்புழுச் சாறு கலந்திருக்கோம். இந்தக் குளிருக்கு அது ஐஸ் கட்டவிடாது, ஈஸ்டும் சாகாது. புழுவைக் கொல்லாம, ஈஸ்டையே அந்தச் சாறைச் சுரக்க வைக்கணும்னு சாருக்கு ஒரு கனவு..."

இன்ஸ்பெக்டர் குனிந்து, பிணத்தின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்தார். "அடிதடியில ஒரு குழாய் உடைஞ்சிருக்கு. அது தெரிஞ்சா, சண்டை இந்த ஆராய்ச்சியாலன்னு தெரிஞ்சிடும். கொன்ன ஆள் புதுசா ஒண்ணு வெச்சிருக்கான். என்ன இருக்கு அதுல?"

அவள் குழாயை உள்ளங்கையில் உருக்கி மோந்தாள். "வெறும் ஈஸ்ட்."

"நூர்பாய், புழு விஷயம் உமக்குத் தெரியுமா?"

"மச்சான் கடையிலேருந்து புழு வெச்ச ஆட்டா மாவு கொண்டாந்து குடுக்கறதே நாந்தான் ஸாப்." நூர்முகம்மது ரத்தத்தைத் துப்பினார். "புழுக்கஞ்சி டாக்டர்னு கிண்டல் வேற பண்ணுவேன்."

"இவருக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஈஸ்ட் மட்டும்தான்னு நெனச்சது யாரும்மா?"

"தினம் பேக்கரியிலேருந்து ஈஸ்ட் வாங்கிட்டு வர்ற..." வேகமாகச் சொல்லிக்கொண்டே போனவள், கதவருகே நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டில் எறும்புப்பொடிகூடத் தூவ விடாத சைவர். தெரிந்தால் ஆராய்ச்சிக்கே முழுக்குப் போட்டுவிடுவார் என்று, அவரிடம் மட்டும்தான் மறைத்தார்கள்.

"உங்க சாருக்கும் அப்பாவுக்கும் ஏதாவது தகராறா?" இன்ஸ்பெக்டரின் குரல் உயரவில்லை.

"நேத்து சார் அப்பாகிட்ட கேட்டார், என்னை மெட்ராஸ் காலேஜ்ல சேக்கறேன்னு. அடுத்த கப்பல்ல..."

"முடியாதுன்னேன்." சொக்கலிங்கம் கதவை விட்டார். "காலையில திரும்பக் கேட்டான். 'உங்க பொண்ணே சரின்னுட்டா, நீங்க என்ன தடுக்கறது'ன்னு சிரிச்சான். கொக்கி கையில இருந்துச்சு."

பன்னீர்செல்வம் விலங்கோடு பாய்ந்தார். சொக்கலிங்கம் கையை நீட்டிக் கொடுத்தார். அவர் பார்வை மட்டும் அந்தப் பதினொரு குழாய்களை விட்டு நகரவில்லை. முகம் அருவருப்பில் கோணியது.

"சுசீலா, அத்தனை உசிரையும் உன் கையாலயா நசுக்கினே?"