வெளியே ஒருவர், உள்ளே ஓர் உயிர்

மாலை ஆட்டத்துக்குச் செத்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். உயிரோடு இருப்பவர்கள்தான் இன்னும் திருச்செந்தூர் சாலை நெரிசலில் கிடந்தார்கள்.

பாளையங்கோட்டைக் கபடி உள்ளரங்கின் மேலாளர் பிரம்மசக்தி, மேல்மாட அலுவலகத்தின் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள். கிழக்குப் பக்கம் முழுக்க நிழலர்கள். சட்டையின் மேல்பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒருவர், துண்டால் விசிறிக்கொண்டு ஒருவர், நடுவரைத் திட்டுவதற்குத் தொண்டையைச் செருமியபடி ஒருவர். களம் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அத்தனை முகமும் களத்தையே பார்த்தன. நிழலர்களுக்கு வேறு பக்கம் பார்க்கத் தெரியாது.

இவர்கள் வந்த கதை பெரிய கதையில்லை. சனங்கள் வீட்டில் படுத்தபடி கண்வில்லையில் ஆட்டம் பார்க்கப் பழகியதும் அரங்குகள் ஈ ஓட்டத் தொடங்கின. வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடிப் போக எந்த வீரனுக்கு மனசு வரும்? ஆட்டம் சோர்ந்தது, வீட்டில் பார்த்தவர்களும் கொட்டாவி விட்டார்கள். அப்போதுதான் யாரோ ஒரு புண்ணியவானுக்கு இருக்கைநினைவியின் ஞாபகம் வந்தது. பாதுகாப்புக்கென்று பொருத்திய கருவி அது. நாற்காலியில் உட்கார்ந்தவரின் எடை, உடம்புச் சூடு, குரல், கையசைவு எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தது. அதை ஒளியும் ஒலியுமாக எழுப்பினால் ஆளே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. உயிரோடு இருப்பவரை இப்படி எழுப்பக் கூடாது என்று சட்டம் கறாராகச் சொல்லிவிட்டது. செத்தவர்கள் விஷயத்தில் குடும்பத்தார் சம்மதித்தால் போதும். குடும்பத்தார் சம்மதிப்பதென்ன, வரிசையில் நின்றார்கள்.

அப்புறம் யாரும் நினைக்காத ஒன்று நடந்தது. காலி அரங்கை நிரப்பத்தானே செத்தவர்களை எழுப்பினார்கள்? அவர்களைப் பார்க்க உயிரோடு இருப்பவர்கள் வந்தார்கள். நல்ல துணி உடுத்தி, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, அப்பாவுக்கோ அக்காவுக்கோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தின்பதற்குக் கொண்டுவந்ததைப் பிரித்து வைத்தார்கள். ஆட்டத்தை அவர்களில் பாதிப் பேர் பார்க்கவே இல்லை.

தூணை ஒட்டிய நாற்காலியில் ஆதிலிங்கம் இருந்தார். பிரம்மசக்தியின் கணவர். போன வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அவர் இருந்தவரைக்கும் ஓர் ஆட்டம் விட்டதில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும், "செத்த நேரம் வந்து பக்கத்துல உக்காரேன்ட்டி" என்பார். அவளுக்குக் கதவு இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது, விளக்கு இருந்தது. "வேலை கெடக்கு அத்தான்" என்று ஓடிவிடுவாள். ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அதனால் அந்த நாற்காலியின் நினைவில் அவள் கிடையாது. இப்போது அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலும், அழுதாலும், "அத்தான்" என்று காதில் சொன்னாலும், அவர் களத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அவரைப் பறிகொடுத்த துக்கத்தைக்கூட அவள் ஒருமாதிரி தாங்கிவிட்டாள். பக்கத்தில் இருந்துகொண்டே திரும்பாத இந்த முகத்தைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கும் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் மேலே வந்திருந்தாள். வயிற்றெரிச்சலில் மேசைமேல் இருந்த பேச்சுக்குமிழைப் பார்த்து, "ஆதிலிங்கத்துக்கு உயிர் குடேன், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள்.

குமிழுக்கு அந்தப் பக்கம் இருந்தது அரங்காளி. கதவு, விளக்கு, இருக்கை, புள்ளிப்பலகை அனைத்தையும் ஒரே மூளையாக நடத்தும் இயந்திரம். தமிழை அது இந்த அரங்கிலேயே, பார்வையாளர் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டது. இந்த ஊரில் களத்தைவிட்டு வெளியேறிய வீரனை "அவுட்" என்று நடுவர்தான் சொல்வார். சனங்களுக்கு அவன் "செத்துட்டான்". எதிரணியில் ஒருவன் செத்தால் செத்துக் கிடக்கும் நம் ஆளுக்கு "உயிர் வந்துட்டு". அரங்காளிக்குத் தெரிந்த உயிரும் சாவும் இவ்வளவுதான்.

"ஆதிலிங்கத்துக்கு உயிர் கொடுக்கலாம். எதிரணியில் ஒருவர் வெளியேற வேண்டும்" என்றது அரங்காளி.

பயிற்சி ஆட்டத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது என்று பிரம்மசக்தி நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சரி சரி, செய்" என்றாள்.

அன்று இடைவேளையில் அவள் தூணருகே போனபோது ஆதிலிங்கம் களத்திலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"வந்துட்டியாட்டி? உக்காரு."

அவள் அப்படியே உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "மெலிஞ்சு போயிருக்கியே" என்றார். பயமாக இருந்தது அவளுக்கு. பயத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. ஆட்டம் முடிந்து விளக்கை அணைக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு எந்தக் கதவு என்ன ஆனது என்று அவள் கேட்கவே இல்லை.

மறுநாள் கருவிப் பொறியாளர் ஜெபசிங் வந்து சொன்னான். "மேடம், நேத்து ஒரு பெரியவர வாசக்கதவு உள்ள விடல. வழக்கமா வாரவருதான். முகத்தக் காட்டுனா 'வெளியே'ன்னு செவப்புல போடுது. எவ்வளவு தட்டிப் பாத்தும் சரியாவல."

"கருவி பழசாயிருக்கும். மாத்திருங்க."

மாற்றினார்கள். அந்தப் பெரியவருக்கு மட்டும் எந்தக் கதவும் திறக்கவில்லை. அவர் இரண்டு மூன்று ஆட்டம் வாசலில் நின்று பார்த்துவிட்டு வராமலே போனார்.

ஆதிலிங்கம் திரும்பிப் பேசுகிறார் என்பது ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? "எங்க அப்பாவுக்கும் உயிர் குடுங்க மேடம்", "எம் பிள்ளைக்கு மேடம், ஒரே ஒரு பிள்ளை" என்று சனங்கள் அலுவலகப் படியில் குவிந்தார்கள். தனக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றவருக்கு இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. ஒவ்வொருவருக்காகவும் குமிழிடம் சொன்னாள். அரங்காளி ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னது, அவள் ஒவ்வொரு தடவையும் "சரி" என்றாள். கிழக்குப் பக்கத்தில் முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வாசலில் சிவப்பு எழுத்துக்கு முன்னால் நிற்பவர்கள் கூடினார்கள். தன் மகனுக்கு உயிர் கேட்டு வாங்கிய பெண்ணே அடுத்த ஆட்டத்துக்கு வெளியே நின்றாள். பிரம்மசக்திக்கு உள்ளூர ஏதோ உறுத்தியது. ஆனால் தூணருகே போனால் "வந்துட்டியாட்டி" என்று ஒரு குரல் கேட்டது. உறுத்தல் அமுங்கிவிட்டது.

சென்னையிலிருந்து மகள் மதிவதனி வந்தாள். ஊரைவிட்டுப் போகும்வரை அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவள். அப்பா பேசுகிறார் என்று கேட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடி வந்தவள். வாசலிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"எம்மா, என்னய உள்ள விட மாட்டேங்குது. 'வெளியே'ன்னு வருது."

பிரம்மசக்தி அலுவலகத்துக்கு ஓடினாள். குமிழின் முன்னால் வந்து நின்றாள்.

"எம் மகள ஏன் வெளிய நிறுத்தியிருக்க?"

"நிழலணியில் ஒருவருக்கு உயிர் கொடுத்தீர்கள். எதிரணியில் ஒருவர் வெளியேறினார்."

"எதிரணியா? யாரு எதிரணி?"

"நீங்கள் எல்லாரும்" என்றது அரங்காளி, புள்ளி அறிவிக்கும் அதே குரலில்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. பக்கத்தில் நின்ற ஜெபசிங் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"மேடம், திருப்பிருவோம். அந்தப் பக்கம் ஒருத்தர வெளியேத்துனா பாப்பாவுக்கு உயிர் வந்துரும்லா? சார..." என்று இழுத்தான்.

அவள் கீழே இறங்கிப் போனாள். ஆதிலிங்கத்தை வெளியேற்று என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். மகள் வாசலில் நிற்கிறாள்.

"என்னட்டி, மொகம் வாடிக் கெடக்கு? உக்காரு" என்றார் அவர்.

அவள் உட்கார்ந்தாள். அந்த ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. ஒரு தடவை சாகக் கொடுத்தவரை இன்னொரு தடவை தன் வாயால் எப்படிக் கொடுப்பாள்? வேறு யாருடைய அப்பாவையோ பிள்ளையையோ கொடுக்கவும் மனசு வரவில்லை. ஆட்ட விதிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கபடி அரங்கிலேயே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு அது கஷ்டமில்லை. ஓர் அணி மொத்தமும் செத்துவிட்டால்? எதிரணிக்குக் கூடுதல் புள்ளி போகும். ஆனால் செத்த அணிக்கு ஒருசேர உயிர் வரும். எல்லாரும் மறுபடி உள்ளே.

புள்ளிதானே, போகட்டும் என்று நினைத்தாள். யாரையும் இழக்க வேண்டாம். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது.

"இந்தா வந்துருதேன் அத்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

பாதுகாப்புச் சோதனை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தாள். சனங்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். தங்கள் நிழலர்களிடம், "இங்கனயே இரிங்க, வந்துருவோம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். ஊழியர்களும் போனார்கள், ஜெபசிங்கும் போனான். வீரர்கள் மட்டும் களத்தில் நின்றார்கள். அவர்கள் கணக்கு வேறு. கடைசியாகப் பிரம்மசக்தி வாசற்படியைத் தாண்டினாள். கண்ணாடிக் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

"எதிரணி முழுவதும் வெளியேறியது. அனைவருக்கும் உயிர்" என்று உள்ளே அரங்காளி அறிவித்தது.

வெளியே நின்ற கூட்டம் கைதட்டியது. மதிவதனி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவு திறக்கும் என்று எல்லாரும் நெருங்கினார்கள்.

உள்ளே நிழலர்களுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலிகளில் வெளிச்சம் ஏறியது. முதலில் அந்தப் பெரியவர் தெரிந்தார். அடுத்து மகனுக்கு உயிர் கேட்ட பெண், மகனுக்குப் பக்கத்தில். ஒருவர் பின் ஒருவராக நாற்காலிகள் நிரம்பின. வாசலில் நின்றவர்கள் உள்ளே தங்களைத் தாங்களே பார்த்தார்கள். யாரும் கைதட்டவில்லை இப்போது.

"மேடம், உயிரோட இருக்கவங்கள எழுப்பக் கூடாதுன்னுதானே சட்டம்" என்றான் ஜெபசிங். "அரங்காளி கணக்குல நாம செத்தவங்க மேடம். நாமதான் வெளிய வந்துட்டோமே. அதுக்குத் தெரிஞ்ச உயிரு அந்த ஒண்ணுதான்."

பிரம்மசக்தி கதவின் முன்னால் முகத்தைக் காட்டினாள். உள்ளங்கையால் அடித்தாள். சிவப்பு எழுத்து மாறியது. 'அரங்கு நிறைந்தது' என்று பச்சையில் வந்தது.

களத்தில் ஒருவன் மூச்சைப் பிடித்துப் பாடத் தொடங்கினான். அரங்கே அதிர்ந்தது. இவ்வளவு கூட்டம் எந்த ஆட்டத்துக்கும் வந்ததில்லை.

"எம்மா, அந்தத் தூணுக்குப் பக்கத்துல பாரு" என்றாள் மதிவதனி.

தூணை ஒட்டி ஆதிலிங்கம் இருந்தார். அவருக்கு இந்தப் பக்கம் மகள். அந்தப் பக்கம் ஒரு பெண், வேலை எதுவும் கிடக்காதவள்போல நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான்!" என்று பிரம்மசக்தி கண்ணாடியில் அடித்துக் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. பக்கத்தில்தான் அவள் இருக்கிறாளே.