டெல்ஃபின் எடுத்த சீட்டு

சுரபாயாவில் நான் அந்தக் கப்பலில் ஏறிய அன்று மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஏணியின் உச்சியில் நின்று என் பெட்டியை வாங்கிக்கொண்டவன் டெல்ஃபின் என்ற மாலுமி. ஒல்லியான உடம்பு. முன்பல் ஒன்று இல்லை, பேசும்போது அந்தச் சந்தில் காற்று மெல்ல விசிலடிக்கும்.

“வாங்க மேயர். இந்தத் தொப்பையப் பாத்த பிறகுதான் நிம்மதி. போன சமையக்காரர் எலும்புக்கூடு. அவரு கையால சாப்பிட்டு நாங்களும் அப்படியே ஆயிட்டோம்.”

கப்பல் சமையல்காரனை மேயர் என்று கூப்பிடுவது பிலிப்பினோக்களான எங்கள் வழக்கம். கப்பலில் இருந்த இருபது பேரும் எங்கள் நாட்டுக்காரர்கள்தான். பசிபிக்கைக் குறுக்கே கடந்து பெருவுக்குப் போய்த் தாது ஏற்ற வேண்டும். கிறிஸ்துமஸ் நடுக்கடலில்தான் என்பது ஏறும்போதே தெரியும். பதினேழு வருடத்தில் அது எனக்குப் பதின்மூன்றாவது கடல் கிறிஸ்துமஸ். என் இரண்டு மகள்களும் என்னைப் போன் திரையில் பார்த்தே வளர்ந்தவர்கள்.

டெல்ஃபின் குளிர்பானப் பாட்டில்களை வெட்டி நட்சத்திர விளக்கு ஒன்று செய்து சாப்பாட்டு அறையில் தொங்கவிட்டான். டிசம்பர் பிறந்ததும், மாலுமிகளை மேய்க்கும் போசன் அமாந்தோ என் சோற்றுப்பானையில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாகப் பரிசு தர வேண்டும். மூன்று ஞாயிறும் சின்னப் பரிசு, கிறிஸ்துமஸ் அன்று பெரிய பரிசு. முதல் ஞாயிறு மெத்தென்ற பொருள், இரண்டாவது நீளமான பொருள், மூன்றாவது குளிர்ந்த பொருள். எல்லாக் கப்பலிலும் இதே வரிசைதான். கொடுத்தது யார் என்பது கிறிஸ்துமஸ் வரை வெளியே வரக்கூடாது.

எனக்கு டெல்ஃபின் பெயர் வந்தது. அவன் தன் சீட்டைப் பிரித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தான். பிறகு அதைச் சுருட்டி வாயில் போட்டு விழுங்கியே விட்டான்.

“ரகசியம்னா ரகசியம், மேயர்” என்றான்.

முதல் ஞாயிறு அவன் அறை வாசலில் ஒரு பஞ்சுக் கேக் வைத்தேன். சீஃப் கார்மெலோவின் வாசலில் புதிய பூத்துவாலை ஒன்று இருந்தது. கேப்டனுக்கு அடுத்த அதிகாரி அவர். செத்த பிறகும் அவரை எனக்கு ‘அவர்’ என்றுதான் சொல்ல வருகிறது, பழக்கதோஷம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேல்தளத்துக்குக் காபி கொண்டு போனேன். ஆறு மாதமாக மூடிக்கிடந்த ஒரு காலித் தொட்டியின் வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளிருந்து துருவும் அழுகல் தண்ணீரும் கலந்த நாற்றம் ஏறி வந்தது. துருப்பிடிக்கும் இரும்பு காற்றைத் தின்றுவிடும். அளந்து பார்க்காமல், இடுப்பில் கயிறு கட்டாமல் அப்படிப்பட்ட தொட்டிக்குள் யாரும் இறங்கக்கூடாது. இது சமையல்காரனுக்குக்கூடத் தெரியும்.

“காத்து பாத்தாச்சா சீஃப்?” என்று டெல்ஃபின் கேட்டான்.

“பாத்தாச்சு, பாத்தாச்சு. எறங்கு.”

“கயிறு?”

“அதக் கட்டி அவுக்குற நேரத்துல வேலையே முடிஞ்சிடும். பத்து நிமிஷ வேலைக்கு இவ்வளவு கேள்வியா?”

காற்றளக்கும் கருவி பேட்டரி தீர்ந்து சாப்பாட்டு மேசையில் கிடந்ததை அரைமணி முன்புதான் பார்த்திருந்தேன். அதிகாரிகள் விஷயத்தில் நமக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டு காபியை ஊற்றினேன்.

டெல்ஃபின் எட்டுப் படி இறங்கினான். ஒன்பதாவது படியில் கை நழுவியது.

கத்தக்கூட இல்லை.

மூச்சுக்கருவி மாட்டிய ஆட்கள் இறங்கி அவனைத் தூக்கி வந்தபோது உதடும் நகங்களும் நாவற்பழ நிறத்தில் இருந்தன.

அன்று மாலை சமையலறையின் வட்டச் சன்னல் வழியாகப் பார்த்தேன். சீஃப் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அந்தக் கருவியைக் கடலில் எறிந்தார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தாளோடு என்னிடம் வந்தார். தான் தடுத்தும் கேளாமல் டெல்ஃபின் உத்தரவை மீறி இறங்கியதாகவும், அதைச் சமையல்காரர் கண்ணால் கண்டதாகவும் எழுதியிருந்தது.

“அடுத்த தடவையும் இந்தக் கம்பெனில ஏறணுமா வேணாமா மேயர்? ரெண்டு பொண்ணும் காலேஜ் போகுதுல்ல?”

கையெழுத்துப் போட்டேன்.

உடலைப் பெருவில்தான் இறக்க வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மீன் வைக்கும் குளிர்பதன அறையைக் காலி செய்து, அவனைத் தடித்த துணியில் சுற்றி, நடுவில் ஒரு பலகையில் கிடத்தினோம். அந்த அறையின் உள்சுவரில் ஒரு மணிப் பொத்தான் உண்டு. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு. அழுத்தினால் சமையலறையில் என் அடுப்புக்கு மேலே மணி அடிக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம், அரிசி கொதிக்கும் நேரத்தில், அது அடித்தது.

பொத்தானில் பனி இறுகியிருக்கும் என்று சொல்லிவிட்டு என்ஜினியர் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது ஞாயிறு சீஃபின் வாசலில் ஒரு கயிறு சுருண்டு கிடந்தது. நுனியில் வளையம் போட்டு முடிச்சிட்டிருந்தது. நனைந்திருந்தது. தொட்டியின் நாற்றம் அதில் அப்படியே இருந்தது.

“எவன்டா இந்த வெளையாட்டு வெளையாடுறது?” என்றார் சீஃப். தான் அஞ்சவில்லை என்று காட்டுவதற்காக எல்லோர் முன்னாலும் வளையத்தை இடுப்பில் போட்டுக்கொண்டார்.

“அளவெடுத்துப் போட்ட மாதிரி இருக்கு சீஃப்” என்றார் போசன்.

மூன்றாவது ஞாயிறு அவர் வாசலில் ஒரு ஜோடி வேலைக் கையுறைகள். கல்லாக உறைந்து, விரல்கள் எதையோ பிடித்திருந்ததுபோல் மடங்கியிருந்தன. டெல்ஃபினை அந்தக் கையுறைகளோடுதான் துணியில் சுற்றினோம். சுற்றிய கைகளில் ஒன்று என்னுடையது. உள்ளே போய்ப் பார்த்தேன். துணியின் கட்டு ஒன்றுகூட அவிழவில்லை.

கிறிஸ்துமஸ் காலை, என் மனைவியோடு பேசி முடித்த கையோடு இன்னொரு அழைப்பு வந்தது. டெல்ஃபினின் மனைவி மரிவெல். அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது.

“மேயரண்ணே, உத்தரவ மீறி எறங்கினதால எங்களுக்கு நஷ்டஈடு ஒண்ணும் கெடையாதுன்னு கம்பெனில சொல்லிட்டாங்க. அது கெடக்கட்டும். அவரு கேக்காம எதையும் செய்ற ஆளே இல்ல. அப்பா தப்பு பண்ணாரான்னு பையன் கேக்குறான். நீங்க பாத்ததா எழுதியிருக்கு. நெஜமாவே பாத்தீங்களா?”

இரண்டு நொடி போதும் உண்மையைச் சொல்ல. எனக்கு அந்த இரண்டு நொடி கிடைத்தது.

“பாத்தேம்மா” என்றேன்.

மதியம் சாப்பாட்டு அறையில் பன்றி வறுவல், நூடுல்ஸ், சீஸ் உருண்டை எல்லாம் வைத்தேன். நட்சத்திர விளக்கு எரிந்தது. ஒவ்வொருவராக எழுந்து தான் எடுத்த பெயரைச் சொல்லிப் பரிசு கொடுத்தார்கள். கடைசியில் என் பொட்டலம் மட்டும் யாருக்கும் போகாமல் என் மடியில் இருந்தது. சீஃபுக்கு மட்டும் யாரிடமிருந்தும் எதுவும் வரவில்லை.

“என் பேர எடுத்தவன் எந்திரிடா” என்றார் சீஃப்.

“எல்லாரும் குடுத்தாச்சு சீஃப்” என்று போசன் தணிந்த குரலில் சொன்னார். “டெல்ஃபின் ஒருத்தன்தான் பாக்கி.”

பாட்டுப்பெட்டியை யாரோ அணைத்தார்கள். சீஃப் பீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சிரித்தார்.

“அப்ப கையுறையும் கயிறும் வெச்ச நாய் உங்கள்ல ஒருத்தன். பெரிய பரிசு எங்க? ஐஸ் ரூம்ல படுத்திருக்கான்ல, கொண்டாரச் சொல்லுங்க. கிறிஸ்துமஸ் இன்னியோட முடியுது.”

ஆனால் முடியவில்லை. கிழக்கே போகும் கப்பல் தேதிக்கோட்டைத் தாண்டும்போது ஒரு நாள் திரும்ப வரும். அந்த வருடம் எங்களுக்குத் திரும்ப வந்தது டிசம்பர் இருபத்தைந்து. நாட்காட்டியில் தாளைக் கிழிக்காமல் விடச் சொல்லி உத்தரவு போட்டதே சீஃப்தான்.

இரண்டாவது கிறிஸ்துமஸ். நடுமதியம். கடல் எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. மிச்சமிருந்த பன்றிக்கறியைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தேன். சீஃப் பக்கத்து மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

மணி அடித்தது.

கம்பி வெட்டிய மணி. விட்டுவிட்டு அல்ல, விரலை எடுக்காமல் அழுத்துவதுபோல நீளமாக.

“உள்ள எவனோ இருக்கான். இன்னிக்கு அவன் தோல உரிக்கிறேன்” என்று சீஃப் எழுந்து போனார். நானும் பின்னால் போனேன். அவர் கதவைத் திறந்ததும் வெள்ளைப் புகையாகக் குளிர் வெளியே வந்தது. மீன் வாடைக்குப் பதில் துருவின் நாற்றம் வந்தது.

உள்ளே யாருமில்லை. டெல்ஃபின் சுற்றிய துணிக்குள் கிடந்தான். அவன் நெஞ்சின்மேல் சிவப்புத்தாள் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது.

சீஃப் உள்ளே போய் அதை எடுத்தார். மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். அவர் திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

“மேயர்” என்றார் கிசுகிசுப்பாக. “இது அவன் எழுத்து.”

கதவு மூடிக்கொண்டது. அடித்துச் சாத்தவில்லை. தூங்கும் குழந்தை உள்ள அறையைச் சாத்துவதுபோல மெதுவாக, முழுவதுமாக.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. உள்ளே கைகள் கதவில் அடித்தன.

“மேயர், தொற.”

“காத்து இல்ல, மேயர்.”

அந்த அறையில் ஒரு ஆள் நாள் முழுக்க மூச்சுவிடலாம்.

பிறகு இன்னொரு குரல் கேட்டது. அவசரமில்லாத குரல். பல் இல்லாத சந்தில் காற்று விசிலடித்தது.

“பத்து நிமிஷ வேலைதான், சீஃப்.”

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். முதல் ஒரு நிமிடம் என் பலம் முழுவதையும் கொடுத்து இழுத்தேன். அதற்குப் பிறகு இழுப்பதுபோல நின்றேன். அவர் சாகட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இனித்தது. அவர் போய்விட்டால் கணக்கு அதோடு தீர்ந்தது, என் பக்கம் அது வராது என்று நம்பினேன்.

மணி நின்றது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாகப் பத்து நிமிடம். கைப்பிடி தானாக இறங்கியது.

சீஃப் கதவடியில் கிடந்தார். நாவற்பழ நிற உதடுகள், நாவற்பழ நிற நகங்கள். பிரித்த சிவப்புத்தாள் பக்கத்தில் கிடந்தது. அவர் கைக்குள் காற்றளக்கும் கருவி. கடலில் எறிந்த அதே கருவி. உறையவைக்கும் அந்தக் குளிரிலும் அதிலிருந்து கடல்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரை ஒளிர்ந்தது. ‘கடைசியாக அளந்த நாள்’ என்ற இடத்தில் டெல்ஃபின் செத்ததற்கு மூன்று மாதம் முந்தைய தேதி இருந்தது.

அந்த ஒரு வரி போதும். சீஃப் அளக்கவே இல்லை என்பதை ஊரறியச் செய்துவிடும். டெல்ஃபினின் பெயர் சுத்தமாகும். அவன் மகனுக்குப் பதில் கிடைக்கும்.

என் கையெழுத்தும் பொய்யென்று தெரியவரும்.

ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. நான் கருவியைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி, அந்த வட்டச் சன்னல் வழியாகக் கடலில் எறிந்தேன்.

பெருவில் சீஃபுக்கு மாரடைப்பு என்று எழுதினார்கள். கம்பெனி ஆள் பழைய தாளை நீட்டி, “இது உங்க கையெழுத்துதானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். குலுக்கலில் டெல்ஃபின் பெயரை எடுத்தவன் நான். அவனுக்கு நான் கொடுத்த பெரிய பரிசு அந்தக் கையெழுத்துதான்.

இது போன வருடக் கதை. இப்போது வேறு கப்பல், வேறு ஆட்கள். டெல்ஃபினை இங்கே யாருக்கும் தெரியாது. டிசம்பர் பிறந்ததும் வழக்கம்போலச் சீட்டுக் குலுக்கினோம்.

முதல் ஞாயிறு என் வாசலில் இரண்டு பரிசுகள் இருந்தன. ஒன்று யாரோ வைத்த காலுறை. இன்னொன்று ஒரு பஞ்சுக் கேக், நான் செய்யும் அதே வகை. அதை யாரோ ஒரு கடி கடித்திருந்தார்கள். பல்தடத்தின் நடுவில் ஒரு பல் அளவுக்கு இடைவெளி இருந்தது.

அன்றே மரிவெலுக்கு எல்லா உண்மையையும் போனில் எழுதினேன். எழுதி முடித்துவிட்டேன். அனுப்பும் பொத்தானில் விரலை வைக்கிறேன், எடுத்துவிடுகிறேன். என் சின்ன மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. முடியட்டும், பிறகு அனுப்பலாம் என்று தோன்றுகிறது.

இன்று இரண்டாவது ஞாயிறு. காலையில் கதவைத் திறந்தபோது காலில் ஈரம் பட்டது. துரு நாற்றமடிக்கும் கயிறு. நுனியில் வளையம், அதே முடிச்சு.

வளையம் பெரிதாக இருந்தது. ஒல்லியான ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து நுழையலாம். இடுப்பில் போட்டுப் பார்த்தேன்.

என் தொப்பைக்குச் சரியாக இருந்தது.