குளிரறையில் ஒரு வெள்ளிக்கிழமை

நுஸ்ஹாவின் கைபேசி அலறியது.

கதவுக்கு அந்தப் பக்கம்!

"ஆஸ்பத்திரியால கோல் எடுக்கிறாங்க புள்ள," என்றது சரீபின் குரல். "ஒன்ட நானாக்குக் காய்ச்சல் இன்னும் கடுமை போல. நான் கட் பண்ணிட்டன்."

கல்முனைக்குடியில் சொந்தமாக ஆய்வுகூடம் நடத்துபவர் சரீப். அவரிடம் வேலை பார்ப்பவள் நுஸ்ஹா. இப்போது அவள் நிற்பது அவர் பூட்டிவிட்ட குளிரறைக்குள். உள்ளிருந்து திறக்கும் பிடி எப்போதோ உடைந்துபோன அறை...

"சேர், திறங்க. சாகாமத்து வயலுக்குள்ள நிண்ட மனிசன் அவர். அவருக்கு எலிக்காய்ச்சல். நீங்க செஞ்சி விக்கிற பரிசோதனைப் பெட்டி எலிக்காய்ச்சல் இல்லயெண்டு காட்டினதால டெங்குக்கு மருந்து குடுக்காங்க."

"பெட்டி பொய் சொல்லாது."

"கிருமியப் புடிக்கிற நல்ல பிறபொருளெதிரியப் போட்டு நானாட ரத்தத்த நான் திருப்பிப் பாத்தன் சேர். கிருமிட புரதத்த ஒடனே புடிச்சிட்டு. பெட்டியில நீங்க பூசியிரிக்கிறது எதையுமே புடிக்காது. வெறும் தண்ணி."



"ஜும்ஆக்கு நேரமாகுது. மிச்சத்தத் திங்கக்கிழம கதைப்பம்."

திங்கட்கிழமை!

காலடி ஓசை தேய்ந்தது. நுஸ்ஹா கதவில் அறைந்தாள். கத்தினாள். யார் கேட்பது? ஜும்ஆத் தொழுகை நேரம் தெருவில் ஒரு கடைகூடத் திறந்திருக்காது. பற்கள் தந்தியடித்தன. கூடப்பிறந்த நானாவை நினைத்து அழுதாள். அழுதபடி நிமிர்ந்தவளின் கண்ணில் பட்டது அது...

சுவரில் வயரோடு தொங்கிய வெப்பமானி!

அறை சூடானால் பிறபொருளெதிரிகள் பழுதாகிவிடும். அதனால் சூடு ஏறினால் அந்தக் கருவி தானாகவே தொலைபேசியில் ஆளைக் கூப்பிடும்.

பாய்ந்து இழுத்துக் கக்கத்தில் செருகிக்கொண்டாள்.

முதல் அழைப்பு சரீபுக்குத்தான் போகும். ஆனால் ஜும்ஆவில் போனை அணைக்காத ஆம்பிளை ஊரில் உண்டா? அதற்காகவே, வெள்ளிக்கிழமைக்கென்று சரீப் இரண்டாவது இலக்கமொன்றும் கொடுத்து வைத்திருந்தார்.

வீட்டில் சோறாக்கும் மனைவியின் இலக்கம். அவசரத்தில் மறந்துவிட்டார் மனிதர்!

விரல்கள் மரத்துப்போன நேரத்தில் கதவு திறந்தது.

கையில் திறப்புக் கோர்வையோடு சரீபின் மனைவி ஜெனூபா!

"யா அல்லாஹ்... யாரு புள்ள ஒன்ன உள்ள வெச்சிப் பூட்டின?"

நடுங்கி நடுங்கி எல்லாவற்றையும் சொன்னாள் நுஸ்ஹா. ஜெனூபா தன் போனை நீட்டினாள்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்கு எடு."

எடுத்தாள். நானாவுக்கு உயிர் இருந்தது! மருந்தை இப்போதே மாற்றுவதாக டொக்டர் சொன்னார்.

வாசலில் மோட்டார் சைக்கிள்...

நுஸ்ஹா மேசைக்குப் பின்னால் பதுங்கினாள். தொழுகை முடிந்து போனைப் போட்டுப் பார்த்த சரீப் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"கதவ ஏன் திறந்த? அவள் எங்க?"

"உள்ள மயங்கிக் கிடக்காள்," என்றாள் ஜெனூபா.

சரீப் உள்ளே பாய்ந்தார்.

தடாலென்று கதவு சாத்திக்கொண்டது!

வெளியே பூட்டில் திறப்பைத் திருப்பியவளை நுஸ்ஹா வாய் பிளந்து பார்த்தாள்.

"ராத்தா... ஒங்கட மாப்பிள..."

"போன மாசம் காய்ச்சலால மௌத்தாகி அடக்கின எங்கட வாப்பாக்கும் இந்தப் பெட்டியாலதான் பாத்தவர். எலிக்காய்ச்சல் இல்லயெண்டு என்னட்டச் சொன்னவரும் இவர்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொலிசுக்கு எடு புள்ள."

உள்ளிருந்து கதவில் அறை விழுந்தது. "ஜெனூபா, குளிருது. திற."

ஜெனூபா கதவில் வாயை வைத்துச் சொன்னாள்:

"கெட்ட சாமான்தானே... பொலிஸ் வாற வரைக்கும் நாறாம இரிக்கட்டும்."