பாதி வழியில் நின்ற ஜட்ஜ்

பெரியப்பா குன்னார் அன்று காலையில் மூன்றாவது முறையாகப் புல்லுக்குள் காணாமல் போனார்.

முதலில் அவருடைய புல் அள்ளும் கவைக்கோல் வெளியே வந்தது. பிறகு தொப்பி. கடைசியாக மீசை.

"தோரா," என்றார், வாயிலிருந்து புல்லை எடுத்துக்கொண்டே. "உன் குதிரைகிட்ட கேட்டுச் சொல்லு. என்மேல அதுக்கு என்ன கோபம்?"

தோரா கீழே நின்றாள். அவளுக்குப் பத்து வயது. குதிரையின் கயிறு அவள் கையில் இருந்தது. கயிறு மட்டும்தான் இருந்தது. குதிரை அவள் பேச்சைக் கேட்கவில்லை.

அமெரிக்காவில், மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கில் கோடை முழுவதும் புல் அறுப்பார்கள். காயவைத்துப் போர் போடுவார்கள். வீட்டைவிட உயரமான போர். அது இருந்தால்தான் பனிக்காலத்தில் மாடுகளுக்குச் சாப்பாடு.

அவ்வளவு உயரத்துக்குப் புல்லை ஏற்ற ஒரு மரப்பொறி இருந்தது. பார்த்தால் ராட்சதச் சறுக்குமரம். ஆனால் வேலை தலைகீழ். இதில் புல் கீழிருந்து மேலே போகும். அகலமான மரத்தட்டில் புல்லைக் குவிப்பார்கள். தட்டில் கட்டிய வடம் கப்பிகளைச் சுற்றிவந்து குதிரையின் பின்னால் முடியும். குதிரை நடந்தால் தட்டு சரிவில் ஏறும். உச்சிக்குப் போனதும் புல் மொத்தமும் அந்தப் பக்கம் போரின்மேல் விழும். குதிரை திரும்பி வந்தால் தட்டு இறங்கும்.

குதிரையை நடத்துவது தோராவின் வேலை. அவள் அண்ணன் நில்ஸ், இரண்டு குதிரைகள் பூட்டிய பெரிய மரச் சீப்பில் உட்கார்ந்து, வயலில் கிடக்கும் புல்லைத் தட்டுக்குத் தள்ளிவருவான். அப்பா தட்டைக் கவனிப்பார். பெரியப்பா போரின்மேல் நின்று, விழும் புல்லைப் பரப்பி மிதிப்பார். அவர் போடும் போர் பெட்டிபோல் மூலை பிசகாமல் இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

போன வருஷம்வரை வடத்தை இழுத்தது லோட்டா என்ற குதிரை. அது ஆணியை மிதித்துவிட்டு நொண்டிக்கொண்டிருந்தது. அதனால் அப்பா மலைமேல் இருக்கும் சுரங்க நகரத்துக்குப் போய் வேறொரு குதிரையைப் பிடித்துவந்தார். பால்காரர் டூலியின் குதிரை. டூலி மோட்டார் லாரி வாங்கிவிட்டார்.

"அங்க குதிரைக்கு வேலை இல்ல. இங்க வேலைக்குக் குதிரை இல்ல," என்றார் அப்பா. வீட்டுக்கு வந்து சேரும்வரை அவருக்கு அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

குதிரையின் பெயர் ஜட்ஜ். யார் என்ன சொன்னாலும் காதை நீட்டிக் கேட்டுக்கொள்ளும். எதையும் அவசரப்பட்டுச் செய்யாது.

ஜட்ஜ் நன்றாக நடந்தது. நன்றாக இழுத்தது. தட்டு பாதிச் சரிவு ஏறியதும் நின்றது. பின்னாலிருந்து அத்தனை பாரமும் இழுக்க, தூண்போல் நின்றது. தோரா கயிற்றை இழுத்தாள். அது நகரவில்லை.

புல் ஏன் வரவில்லை என்று பெரியப்பா மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். சரியாக அந்த நேரம் பார்த்து ஜட்ஜ் நடந்தது.

மூன்று முறையும் அப்படித்தான்.

நான்காவது தடவை ஜட்ஜ் நின்றது. நின்றது நின்றதுதான். தட்டு பாதியில் தொங்கியதால் நில்ஸுக்கு வேலை இல்லை. அவன் சீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு நிழலில் படுத்தான்.

"ஜட்ஜ் ஐயா தீர்ப்பைத் தள்ளி வச்சிட்டாரு," என்றான்.

அப்பா ஓட்ஸ் கொண்டுவந்து காட்டினார். ஜட்ஜ் ஓட்ஸைத் தின்றது. அப்பா இன்னும் கொஞ்சம் காட்டினார். அதையும் தின்றது. நில்ஸ் எழுந்துவந்து பின்னாலிருந்து தள்ளினான். ஜட்ஜ் திரும்பி அவனைப் பார்த்தது. அவன் தள்ளுவதை நிறுத்திவிட்டான். பெரியப்பா மேலேயிருந்தபடியே, தன் சின்ன வயசில் குதிரைகள் எப்படியிருந்தன என்று நெடுநேரம் எடுத்துச் சொன்னார். ஜட்ஜ் அதையும் கேட்டுக்கொண்டது.

அப்பா தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

"நாளைக்கு பிக்ஸ் இந்தப் பக்கம் வர்றான். குடுத்துடலாம்."

பிக்ஸ் குதிரை வியாபாரி. அவர் வாங்கிப்போன வயதான குதிரைகளை யாரும் மறுபடி எந்த வயலிலும் பார்த்ததில்லை.

"அது கெட்ட குதிரை இல்லப்பா," என்றாள்.

"கெட்டதுன்னு நான் சொல்லல. நிக்குதுன்னு சொல்றேன். நிக்கிற குதிரைய வச்சு நான் என்ன பண்றது?"

அப்பாவும் நில்ஸும் சாப்பாட்டுக்காக மரத்தடிக்குப் போனார்கள். ஏணியில் இறங்கி ஏறச் சோம்பல்பட்டுப் பெரியப்பா போரின்மேலேயே படுத்து முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். சாப்பாடு வந்ததும் கூப்பிடச் சொன்னார்.

தோரா ஜட்ஜின் பக்கத்திலேயே நின்றாள்.

எல்லோரும் போனபிறகுதான் அவள் அதை ஒழுங்காகப் பார்த்தாள். அது பிடிவாதம் பிடிக்கும் குதிரைபோல் இல்லை. காதைப் பின்னால் மடக்கவில்லை. காலை உதைக்கவில்லை. இடது தோளுக்குமேல் தலையைத் திருப்பி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றுமே இல்லை. வெட்டிய புல்தரைதான்.

அந்தப் பார்வை தோராவுக்குத் தெரியும். அம்மா கடைக்குள் போயிருக்கும்போது, வண்டியில் உட்கார்ந்து அவளும் அப்படித்தான் கடை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"யாரத் தேடுற?" என்று கேட்டாள்.

ஜட்ஜ் பெருமூச்சு விட்டது.

அப்போது அம்மா வந்தாள். ஒரு கையில் ரொட்டியும் பன்றித்தொடைக் கறியும் கட்டிய மூட்டை. இன்னொரு கையில் கம்பிக்கூடை. கூடையில் கண்ணாடி பாட்டில்கள் நிறைய இஞ்சித் தண்ணீர். குதிரைக்குப் பின்னால் இடப்பக்கமாக வந்தவள், கை வலிக்கிறது என்று கூடையைக் கீழே வைத்தாள்.

கிளிங்.

ஜட்ஜின் காதுகள் நிமிர்ந்தன. தலை நேரானது. அது நடந்தது.

தட்டு ஏறியது. உச்சியைத் தொட்டது. ஒரு வண்டிப் புல் அப்படியே போரின்மேல் கவிழ்ந்தது.

அம்மா மேலே பார்த்தாள். "பெரியப்பா எங்க?"

"உள்ளே," என்றான் நில்ஸ், மரத்தடியிலிருந்து.

முதலில் மீசை வந்தது. தொப்பியைச் சாயங்காலம்வரை தேடினார்கள்.

தோரா அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் கூடையையே பார்த்தாள். பிறகு ஜட்ஜைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் ஓடினாள். தட்டில் இன்னொரு சுமை போடச் சொன்னாள். இப்போதே.

"சாப்பிடற நேரத்துல என்னடி விளையாட்டு?" என்றாள் அம்மா.

"விளையாட்டு இல்லம்மா. அது பால் ஊத்திட்டிருக்கு."

வெயில் அதிகம்தான் என்பதுபோல் அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

தோரா மூச்சுவிடாமல் சொன்னாள். டூலியின் ஊர் மலைமேல் இருக்கிறது. தெருக்கள் எல்லாம் ஏற்றம். ஜட்ஜ் ஏறும்போது பால்வண்டி பின்னால் இழுக்கும். இங்கே தட்டு இழுக்கிற மாதிரியே. கொஞ்ச தூரத்தில் ஒரு வீடு வரும், ஜட்ஜ் நிற்கும். டூலி பால் பாட்டிலோடு இறங்கி வாசலுக்குப் போவார். காலி பாட்டில்களோடு வருவார். வண்டியில் வைப்பார். சத்தம் கேட்டதும் ஜட்ஜ் அடுத்த வீட்டுக்குப் போகும். டூலி வராமல் அது எப்படிப் போகும்?

"காலைல பாட்டில் இல்லாமலே மூணு தடவ போச்சே," என்றான் நில்ஸ்.

"உன் குதிரைங்களோட சங்கிலி. நீ சீப்பத் தள்ளிட்டு வர்றப்பல்லாம் கிணுகிணுங்குது. நீ போய்ப் படுத்துட்ட. அது நின்னுடுச்சு."

நில்ஸ் யோசித்தான். குற்றம் ஏதாவது தன்மேல் வருகிறதா என்று யோசித்தான்.

அப்பா எழுந்துபோய்த் தட்டில் புல்லைப் போட்டார். தோரா இரண்டு பாட்டில்களில் இருந்த இஞ்சித் தண்ணீரைக் குடித்துக் காலி செய்தாள். ஒன்றரை பாட்டிலுக்குமேல் முடியவில்லை. மீதியை நில்ஸ் குடித்தான்.

ஜட்ஜ் நடந்தது. பாதிச் சரிவில் நின்றது. இடது தோளுக்குமேல் திரும்பிப் பார்த்தது.

தோரா கொஞ்ச தூரம் தள்ளிப் போய், ஒரு வீட்டு வாசலிலிருந்து வருகிறவள்போல் சாவகாசமாக நடந்து வந்தாள். ஒரு பாட்டிலை இன்னொன்றில் தட்டினாள்.

கிளிங்.

ஜட்ஜ் நடந்தது. புல் உச்சிக்குப் போய் விழுந்தது. பெரியப்பா இந்தத் தடவை தள்ளி நின்றிருந்தார்.

அடுத்த சுமைக்கு அப்பா பாட்டில்களை வாங்கிக்கொண்டார். குதிரையின் முன்னால் போய் நின்று தட்டினார். ஜட்ஜ் அவரைப் பார்த்தது. மறுபடி தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

"வீடு அந்தப் பக்கம்பா," என்றாள் தோரா.

அப்பா சுற்றும்முற்றும் பார்த்தார். வேறு யாரும் வயலில் இல்லை. இடப்பக்கம் போய், கற்பனை வாசலிலிருந்து நடந்துவந்து தட்டினார். ஜட்ஜ் போனது.

"கதவைச் சாத்திட்டு வந்தீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் போர் ஏணியைத் தாண்டி உயர்ந்தது. பிக்ஸைப் பற்றி அப்பா எதுவும் சொல்லவில்லை. கேட்கத் தோராவுக்குப் பயம். கேட்டால் அவருக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று இருந்தது.

மறுநாள் அவருக்கு ஞாபகம் வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை. பிக்ஸே வந்துவிட்டார். வண்டியை வேலியோரம் நிறுத்தினார். வண்டியின் பின்னால் வயதான குதிரைகள் இரண்டு கட்டப்பட்டிருந்தன. மூன்றாவதற்கு ஒரு கயிறு காலியாகத் தொங்கியது.

ஜட்ஜ் பாதிச் சரிவில் நின்றுகொண்டிருந்தது.

"இதானா அது?" என்றார் பிக்ஸ். "பாதியில நின்னுடும்னு கேள்விப்பட்டேன்."

தோரா பாட்டில்களை மார்போடு அணைத்துக்கொண்டாள். இப்போது தட்டினால் ஜட்ஜ் போய்விடும். ஆனால் அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க வேண்டும்போலவும் இருந்தது.

அப்பா முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

"நிக்கல," என்றார். "பால் குடுக்கப் போயிருக்காங்க. வந்ததும் கிளம்பிடும்."

"யாரு?"

"பால்காரம்மா."

பிக்ஸ் வயலைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல்தான். ஒரு வீடுகூட இல்லை.

தோரா எங்கோ ஒரு வாசலிலிருந்து நடந்துவந்தாள். அன்றைக்கு ஒரு நல்ல சிரிப்போடு வந்தாள். கிளிங். ஜட்ஜ் கிளம்பியது.

"இப்ப எந்த வீடு?" என்று மேலேயிருந்து பெரியப்பா கேட்டார்.

"மூலை வீடு, பெரியப்பா."

"நாய் இருக்கும், பாத்துப் போ."

பிக்ஸ் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். யாரும் விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. அவர் வண்டியைத் திருப்பினார். வேகமாகவே திருப்பினார்.

அன்று வேலை முடிந்ததும் அப்பா லாயத்துக்குப் போய், ஜட்ஜின் சேணம் மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்தார். அதில் இரண்டு காலி பாட்டில்களைக் கயிறு கட்டி மாட்டினார். தோரா பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஜட்ஜைத்தான் வண்டியில் பூட்டினார்கள். சர்ச் மேட்டின் உச்சியில் இருந்தது. மேட்டுப்பாதையில் மூன்று வீடுகள் இருந்தன. அதை யாரும் யோசித்திருக்கவில்லை.

முதல் வீட்டின் முன்னால் வண்டி நின்றது. நல்லவேளை, தோரா பாட்டில்களை மடியில் வைத்திருந்தாள். இறங்கி, வாசல்வரை போய், திரும்பி வந்து தட்டினாள். இரண்டாவது வீட்டிலும் அதேபோல். சர்ச் மணி அடித்துக்கொண்டிருந்தது. அம்மா யாரையும் பார்க்காமல் நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது, லுண்ட் அம்மாவின் வீடு. தோரா இறங்குவதற்குள் கதவு திறந்தது. லுண்ட் அம்மா சர்ச்சுக்குப் போகும் தொப்பியோடு வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள். குதிரையைப் பார்த்தாள். தோராவின் கையிலிருந்த பாட்டில்களைப் பார்த்தாள். உள்ளே போய்க் காலி பாட்டில் ஒன்றை எடுத்துவந்தாள்.

"நாளைலேர்ந்து ரெண்டு போடும்மா," என்றபடி அதைத் தோராவின் பாட்டில்களில் தட்டி வண்டியில் வைத்தாள்.

கிளிங். ஜட்ஜ் கிளம்பிவிட்டது.