ஒன்பதாம் வளைவில் அணைந்த பொறி

செவ்வந்திக்கு ஒரு வழக்கம் உண்டு. காரை எங்கே நிறுத்தினாலும், எஞ்சினுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் தொப்பியைக் கழற்றி, உள்ளே சுழலும் ரோட்டர் என்னும் விரலளவுத் துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாள். அது இல்லாமல் எந்தத் திருடனாலும் வண்டியைக் கிளப்ப இயலாது. திரும்பி வந்ததும், கண்ணால் பாராமலே அதைப் பொருத்திவிடுவாள். பழகிய கைக்கு வெளிச்சம் எதற்கு என்பது அவள் பெருமை.

அவளுடைய கறுப்புக் காருக்கு வயது எழுபது; பெயர் கரியன். கோவையின் பழைய கார்ச் சங்கத்தார் கரடிமலைக் காட்டில் ஒரு வெண்கல மணியை ஒளித்துவைத்து, வரைபடத்தைக் கையில் கொடுத்து, “தேடிப் பாருங்கள்!” என்று அறைகூவினார்கள். மாலை ஆறு மணிக்குள் கண்டுபிடித்து அடிப்பவருக்கே மணி சொந்தம். கயிறு கட்டி இழுக்கப்பட்ட வண்டிக்குப் போட்டியில் இடமில்லை.

புறப்பட்ட ஐந்து வண்டிகளில் மூன்று அடிவாரத்துக்கு முன்பே கொதித்து நின்றன. எஞ்சியவை இரண்டு: கரியனும், ரத்தினசபாபதியின் பச்சைக் காரும். பழைய கார்களை வாங்கிக் கண்ணாடி மண்டபத்தில் நிறுத்தி அழகு பார்ப்பவர் அவர்.

“அம்மணி, உன்ற வண்டி மலையேறாது. ஏறலைன்னா என்ற மண்டபத்துக்குக் குடுத்துரு. பட்டுத்துணி போத்திப் பாத்துக்கறேன்.”

“கரியன் ஓடறதுக்குப் பொறந்தவன்ங்க. நிறுத்தி வச்சு வேடிக்கை பாக்கறதுக்கில்லை. ஏறலைன்னா சாவி உங்களுக்கு! ஏறிட்டா, இனி அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.”

அடிவாரத்து முனியப்பன் கோயிலில் இருவரும் வண்டியை நிறுத்தினார்கள். செவ்வந்தி வழக்கம்போல் ரோட்டரை எடுத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் கையொப்பமிடச் சென்றாள். வரைபடம் பார்க்க உடன் வந்த அவள் அத்தை வடிவாம்பாள் சாமி கும்பிட்டாள். செவ்வந்தி திரும்பியபோது, ரத்தினசபாபதி கரியனின் அருகே நின்று எஞ்சினை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பாராமலே ரோட்டரைப் பொருத்தித் தொப்பியை மூடினாள். ஏற்றம் தொடங்கியது. எட்டு வளைவுகளைக் கரியன் உறுமியபடி கடந்தது. ஒன்பதாம் வளைவில் இருமியது, திணறியது, நின்றேவிட்டது! சாலையில் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது.

“கண்ணு, இது இப்பத்தான் போட்டது!” என்று அத்தை கிசுகிசுத்தாள்.

பின்னால் வந்த பச்சைக் கார் நின்றது. ரத்தினசபாபதி கயிற்றோடு இறங்கினார். “ஆனை நடமாடற எடம், அம்மணி. வீம்பு வேண்டாம். கட்டி இழுத்துக்கறேன்.”

“கயித்தை உள்ள வைங்க! கோயில்ல என் வண்டிகிட்ட நின்னது நீங்கதானே? என்ன செஞ்சீங்க?”

அவர் முகம் கறுத்தது. தம் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாலையோரக் கல்லில் அமர்ந்தார். “பழுதைக் கண்டுபுடி. களவாணிப் பட்டத்தோட நான் மேல போக மாட்டேன்.”

மணி மூன்றே முக்கால். செவ்வந்தி பிளக் ஒயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்சினுக்கு அருகே பிடித்தாள். “சுத்துங்க அத்தை!” வடிவாம்பாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டியின் முன்பக்க ஹேண்டிலைச் சுழற்றினாள். பொறி இல்லை! பொறியை உண்டாக்கும் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் தடித்த ஒயரைப் பிடித்தாள். அங்கும் பொறி இல்லை! ஆகவே ரோட்டரும் தொப்பியும் குற்றமற்றவை.

சிறு பல்பு ஒன்றால் சோதித்தாள். காயிலுக்கு மின்சாரம் வந்தது. காயிலின் மறுபக்கத்தில் பல்பை இணைத்து மீண்டும் சுழற்றச் சொன்னாள். பல்பு அணைந்து அணைந்து எரிய வேண்டும். அதுவோ அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. “பாயிண்ட் ஒட்டவே மாட்டேங்குது!” என்று கூவினாள்.

அன்று முதன்முறையாக அவள் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கண்ணால் பார்த்தாள். தொட்டுத் தொட்டுப் பிரிய வேண்டிய பாயிண்டின் இரு முனைகளுக்கு இடையே சாம்பல் நிறத் தூள் அப்பியிருந்தது. விரலில் எடுத்து முகர்ந்தாள். திருநீறு!

ஹேண்டில் அத்தையின் கையிலிருந்து நழுவிற்று. “நான்தான் கண்ணு... தொப்பி தொறந்து கெடந்துச்சு. இதுதான் வண்டிக்கு இருதயம்னு நீதானே சொன்னே? ஏத்தத்துக்குத் துணையா இருக்கட்டும்னு துளி பூசுனேன். அது குலுங்கிக் குலுங்கி உள்ள போகும்னு கண்டேனா?”

கூடு சரிந்ததும் தூக்கணாங்குருவி மரத்தடிக் குரங்கை ஏசியதாம். அடி நாரை உருவியது தன் அலகே என்பதை மறந்துவிட்டதாம். செவ்வந்தியின் நிலையும் அதுவே. தொப்பியைத் திறந்து போட்டவள் அவள். பாராமல் மூடியவளும் அவளே.

அவள் பேச வாயெடுத்தாள். ரத்தினசபாபதி கையமர்த்தினார். “மொதல்ல வண்டியக் கெளப்பு. மணி அஞ்சாகப் போகுது.”

பெட்ரோலில் நனைத்த துணியால் முனைகளைத் துடைத்தாள். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் துடைத்தாள். அத்தை சுழற்றினாள். பளீரென நீலப் பொறி தெறித்தது! கரியன் உறுமியது. கீழ்ச்சரிவில் மூங்கில்கள் முறிபடும் ஓசை எழ, இரு கார்களும் சீறிப் புறப்பட்டன. பத்து, பதினொன்று... பதினான்காம் வளைவையும் தாண்டிக் கரியன் உச்சியில் ஏறி நின்றது!

“ரெட்டைப் பாறை! அதுக்கு நடுவுலதான் குகை!” என்று வரைபடத்தை ஆட்டினாள் அத்தை. ஓடையைத் தாண்டி ஓடினார்கள். குகைக்குள் வெண்கல மணி தொங்கியது. காவலுக்கு இருந்த சங்கத்தார் இருவர் எழுந்தார்கள். ஆறு மணிக்கு இன்னும் நான்கே நிமிடம்!

“அடி கண்ணு, அடி!”

செவ்வந்தி மணியின் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். மூச்சிரைக்க ரத்தினசபாபதி வந்து சேரும்வரை நின்றாள்.

“எல்லாரும் கேளுங்க. ஒன்பதாம் வளைவுல இவரைக் களவாணின்னு சொன்னேன். தப்பு என்னோடது. பேரைக் காப்பாத்திக்க ஒரு மணி நேரத்துக்கு மேல கல்லுல உக்காந்திருந்தாருங்க. இல்லைன்னா எப்பவோ இந்த மணியை அடிச்சிருப்பாரு.”

“அம்மணி, பந்தயத்துல ஜெயிச்சது நீ.”

“ஜெயிச்சேன்ங்க. கரியன் உங்க மண்டபத்துக்கு வரமாட்டான். ஆனா மணி உங்களோடது.” கயிற்றை அவர் கையில் வைத்தாள்.

அவர் கயிற்றைப் பற்றிக்கொண்டார். “சரி... ரோட்டரைக் கழட்டிட்டு வந்தியா?”

“இல்லீங்க. அங்கயே இருக்குது. இங்க களவாணி யாரும் இல்லீங்களே.”

அவர் உரக்கச் சிரித்தார், கயிற்றை இழுத்தார். வெண்கல ஓசை மலையெங்கும் அதிர்ந்தது.