துணி காயும் அறை

பிழிந்து போட்ட துணி காய்ந்திருந்தது. முதலில் அவள் கண்ணில் பட்டது அவ்வளவுதான். வருஷம் முழுக்க மழை நச்சரிக்கிற ஊரில், ஒரு கைக்குட்டை காய்வதற்குள் அதில் பூஞ்சை பூத்துவிடுகிற வீட்டில், காலையில் உள்ளறைச் சுவரோரக் கொடியில் போட்ட தரை துடைக்கும் துணி மதியத்துக்குள் மொடமொடவென்று விறைத்து நின்றது.

சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவளோ பூரித்துப் போனாள். ஏன் பூரிக்க மாட்டாள்? நாலு வயதுப் பாப்பாவின் வீசிங்குக்காக வீடு வீடாக மாறி ஓய்ந்தவள். போகிற வீட்டிலெல்லாம் ஈரம் சுவரேறும், மூலைகள் கறுக்கும், அந்த நாற்றத்தில் பிள்ளையின் நெஞ்சு விசிலடிக்கும். கடையில் விற்கிற மருந்தைத் தெளித்தால் பூஞ்சையோடு சேர்ந்து பிள்ளையும் சுருண்டு விழும். அதனால் வினிகர், சமையல் சோடா, எலுமிச்சைத் தோல் என்று ஆரம்பித்தாள். அதுவே பிழைப்பாகி, இப்போது பல வீடுகளை அப்படித்தான் துடைத்துக் கொடுக்கிறாள். தெருவில் அவளுக்கு ‘வினிகர் அக்கா’ என்று பேர். கேலிதான். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், வாய் அவர்களுடையது.

ப்ளீச் ஊற்றித் தொலை, இல்லாவிட்டால் இந்த வீட்டையும் காலி பண்ணுவோம் என்று கணவன் நச்சரித்துக்கொண்டிருந்தான். இனி ஒரு சுவருக்குப் பயந்து சட்டிபானையைத் தூக்குவதாக இல்லை என்று அவள் அடித்துச் சொல்லியிருந்தாள். அன்றே பாப்பாவின் கட்டிலை உள்ளறைக்கு இழுத்து, காய்ந்த சுவரை ஒட்டிப் போட்டாள். அன்றிரவு விசில் நின்றது. அவளும் வெகுநாள் கழித்து அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். நீ ஆள்தான் என்று கணவன்கூட ஒப்புக்கொண்டான்.

அந்த அறையில் மட்டும் துடைக்கிற வேலை கைக்கு அடங்கவில்லை. நனைத்த துணியைச் சுவரில் வைத்து இழுத்தால், பாதி இழுப்பிலேயே அது காய்ந்து சொரசொரவென்று தேய்த்தது. வீடு முழுக்க நாள் கணக்கில் நிற்கிற வினிகர் வாடை அங்கே மூக்கைத் தொட்டதும் மறைந்தது. மிஞ்சியது சூளையிலிருந்து இறக்கிய செங்கல்லின் வாசனை, சூடாக, பொடியாக, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற வாசனை. மூலையில் வைத்த வாளித் தண்ணீர் யாரும் தொடாமலே இறங்கியது. சோப்புக் கட்டி காய்ந்து வெடித்தது. காதை வைத்தால் சுவருக்குள் ஏதோ மெல்ல இறங்குகிற சத்தம். பழைய குழாயாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தச் சுவரில் குழாய் எதுவும் போகவில்லை என்பது அவளுக்கே தெரியும்.

பாப்பா டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கேட்டது. உதடு வெடித்தது. எண்ணெய் தடவினாள். அதையும் காணோம்.

ஒரு நாள் சாயங்காலம் கணவன் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பாப்பா விழித்துக்கொண்டு அழுதது. முகம் கோணி, தோள் குலுங்கி, விக்கி விக்கி அழுதது. வாரியணைத்துக் கன்னத்தைத் துடைக்கப் போனவள் கை அப்படியே நின்றது.

கண்ணீர் இல்லை.

“அம்மா, தண்ணி.”

ஓடிப்போய் டம்ளர் நிறையக் கொண்டுவந்தாள். அறை வாசற்படி தாண்டும்போது பாதி இருந்தது. கட்டிலுக்கு வந்தபோது ஒன்றுமில்லை. வழியில் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அப்போதுதான் பாப்பாவின் முடியைப் பார்த்தாள். மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. முடி ஒவ்வொன்றும் நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றது.

அவளுக்குக் கோபம் வந்தது. பெற்றவளுக்கு வருகிற கோபம்.

“என் புள்ள உனக்குத் தண்ணிப் பானையா?”

போர்வையை நனைத்துக்கொண்டு ஓடிவந்து சுவரில் ஓங்கி அறைந்தாள். பொத்தென்று ஒட்டியது. சுவருக்குள் ஒரு நீளமான மிடறு. போர்வை காகிதமாகிச் சரிந்தது. வினிகர் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்தாள், சோடாவை வாரி வீசினாள். நுரைக்கவே இல்லை. எல்லாம் உள்ளே போனது. நிறுத்தாமல். மூச்சு வாங்காமல்.

“குடி. ஊரெல்லாம் மழை பெய்யுது, அதைக் குடி. இவ என்னோடவ.”

பாப்பாவைத் தூக்கினாள். முடி சுவரை விட்டு வரவில்லை. வெடுக்கென்று இழுத்தாள். பிய்ந்த இழைகள் ஒவ்வொன்றாகச் சுவருக்குள் நுழைந்தன. பிள்ளை கனக்கவில்லை. காலி வாளியைத் தூக்கின மாதிரி இருந்தது.

கூடத்துக்கு வந்தாள். எப்போதும் வியர்த்து வழிகிற சுவர்கள். காய்ந்திருந்தன. எல்லாமே. கறுத்த மூலைகள் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தன.

கதவை உதைத்துத் திறந்துகொண்டு மழைக்குள் பாய்ந்தாள். தெருவில் வெள்ளம் புரண்டது. “வாயைத் திற கண்ணு, ஆகாசமே தண்ணி” என்று பிள்ளையின் முகத்தை மேலே தூக்கிப் பிடித்தாள்.

பாப்பா வெடித்த உதட்டைத் திறந்தது.

மேலேயிருந்து விழுந்த துளிகள் தலைக்கு ஒரு முழம் மேலே நின்றன. வளைந்தன. அவள் தோளைத் தாண்டி, பின்னால், வீட்டைப் பார்த்துப் பறந்தன. காலடியில் ஓடிய வெள்ளம் மேட்டில் ஏறி வாசலை நோக்கித் திரும்பியது. பின்னாலிருந்து அந்த மிடறு. இப்போது வீட்டளவு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டாள். பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. ஊரே முழுகுகிற மழையில், உலர்ந்த தூசியைக் கிளப்பியபடி.